ஒரே கிருமி: மாமியாருக்கு மருந்து வேண்டாம், மகளுக்கு வேண்டும்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். என் மாமியாருக்கு வயது 74. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை செய்தபோது சிறுநீரில் 'பஸ் செல்' (சீழ் அணுக்கள்) அதிகம் என்றார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் 'ஈ.கோலை, ஒரு லட்சத்துக்கு மேல்' என்று வந்தது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. சிறுநீரில் சற்று வாடை மட்டும். மூன்று முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தாகிவிட்டது. கடைசியாக ஆஃப்ளாக்சசின் சாப்பிட்ட நான்காம் நாள் விடியற்காலையில் வியர்த்து மயங்கிவிட்டார்; சர்க்கரை அளவு 54 இருந்தது. இப்போதும் கிருமி போகவில்லை. இனி ஊசிதான் கேட்கும், ஏழு நாள் போட வேண்டும் என்கிறார்கள்.

இதற்கிடையில், புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் மகளுக்கு முதல் கர்ப்பம், 14-ஆவது வாரம். அவளுக்கும் அதே ஈ.கோலை, அதே ஒரு லட்சம். நைட்ரோஃபுரான்டாயின் ஏழு நாள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. 'ஒன்றுமில்லாததற்கு எதற்கு மாத்திரை? பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது, பார்லித் தண்ணீரும் நெருஞ்சில் கஷாயமும் போதும்' என்கிறார் சம்பந்தி அம்மா. மாமியார் பட்ட பாட்டைப் பார்த்த எனக்கும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது? நானும் கணவரும்கூட இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் அந்த மாத்திரையை இன்றே தொடங்கட்டும். மாமியாரின் ஊசியை, அவரை வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம் பேசும் வரை நிறுத்தி வையுங்கள். உங்கள் வீட்டில் இரண்டும் தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறது: தேவையில்லாதவர் மூன்று முறை மருந்து சாப்பிட்டுவிட்டார், தேவையானவர் மாத்திரை அட்டையைப் பிரிக்கவே இல்லை.

நான் நுண்ணுயிரியல் மருத்துவர். நோயாளியின் முகத்தைவிட அவர் சிறுநீர் வளர்ந்த தட்டைத்தான் அதிகம் பார்ப்பவள். அந்த 'ஒரு லட்சம்' எப்படி வருகிறது என்று தெரிந்தால் உங்கள் பயத்தில் பாதி குறையும். முனையில் சிறு வளையம் உள்ள கம்பியைச் சிறுநீரில் தொட்டு எடுப்போம். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அதில் ஒட்டும். அதை ஊட்டப் பசை ஊற்றிய தட்டில் தேய்த்து, உடல் சூட்டில் ஓர் இரவு வைத்தால், ஒவ்வொரு கிருமியும் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகப் பெருகியிருக்கும். மெக்கான்கி என்ற வகைத் தட்டில் ஈ.கோலை இளஞ்சிவப்புப் பொட்டுகளாக நிற்கும். நூறு பொட்டு இருந்தால், ஆயிரத்தால் பெருக்கி, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்று எழுதுவோம்.

இந்த ஒரு லட்சம் என்ற எல்லைக்கோட்டை 1950-களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் வகுத்தார். சிறுநீரில் உண்மையாகவே கிருமி குடியிருக்கிறதா, அல்லது பிடிக்கும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டதா என்று பிரித்தறிவதற்கான கோடு அது. அந்த ஆளுக்கு நோய் இருக்கிறதா என்று அது சொல்லாது. கிருமி இருக்கிறது, தொந்தரவு எதுவும் இல்லை என்ற நிலையை 'அறிகுறியற்ற சிறுநீர்க் கிருமி' என்கிறோம். பெண்களில், வயது ஏற ஏற, இது சர்வ சாதாரணம். இளம் பெண்களில் 100-க்கு ஐந்து பேருக்குள் இருப்பது, முதியோர் இல்லங்களில் இருக்கும் பெண்களில் 25 முதல் 50 பேர் வரை போகிறது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் எளிதாக வரும். சிறுநீர் வெளியேற நெடுநாளாகச் செயற்கைக் குழாய் (கதீட்டர்) வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே இருக்கும். ஆகவே 74 வயதில் இருபது ஆண்டுச் சர்க்கரையோடு இருப்பவரின் சிறுநீரை வலியப் போய்ச் சோதித்தால், கிருமி கிடைப்பதில் வியப்பே இல்லை.

சரி, இருக்கும் கிருமியைக் கொன்றுவிட்டால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் சர்க்கரை நோயுள்ள 105 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி இருந்தது, தொந்தரவு இல்லை. ஒரு சாராருக்கு மருந்து, மறு சாராருக்கு வெற்று மாத்திரை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், பிற்பாடு எரிச்சல், காய்ச்சலோடு தொற்று வந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்தது பக்க விளைவும், பல மடங்கு அதிக ஆன்டிபயாட்டிக் நாட்களும்தான். 2012-இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் இளம் பெண்களில், தொந்தரவு செய்யாத கிருமிக்கு மருந்து கொடுத்தபோது, கொடுக்காதவர்களைவிட அவர்களுக்கே தொற்று அதிகமாகத் திரும்பி வந்தது. திண்ணையில் நெடுநாளாகச் சும்மா படுத்திருக்கும் ஆளை விரட்டினால் அந்த இடத்துக்கு முரடன் வந்து சேர்வது போலத்தான்.

உங்கள் மாமியாரிடம் நடந்ததும் இதுவே. முதல் கல்ச்சரில் பல மருந்துகளுக்குக் கேட்ட கிருமி, மூன்று சுற்று முடிந்ததும் ஊசிக்கு மட்டுமே கேட்கிறது என்றால், எளிய கிருமிகள் செத்து, மருந்தைச் சட்டை செய்யாதவை மிஞ்சிவிட்டன என்று பொருள். பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; மருந்துப் பெயர்களுக்கு எதிரே எதிர்ப்பைக் குறிக்கும் 'ஆர்' எத்தனை கூடியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நாளை அவருக்கு உண்மையாகவே காய்ச்சலும் குளிரும் வந்தால் கைகொடுக்க வேண்டிய ஊசியை, இன்று நோயில்லாத நேரத்தில் செலவழிப்பது வீண். அமிகாசின் போன்ற ஊசி என்றால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும் அபாயம் வேறு; இருபது ஆண்டுச் சர்க்கரை பார்த்த சிறுநீரகத்துக்கு அது தேவையில்லாத சோதனை.

அந்த விடியற்காலை மயக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆஃப்ளாக்சசின் வகை மருந்துகள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளோடு சேரும்போது சர்க்கரையைத் திடீரென்று தரைமட்டத்துக்கு இறக்கிவிடக்கூடும். முதியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. ஆன்டிபயாட்டிக்கால் வாய்க் கசந்து இரவில் சரியாகச் சாப்பிடாமலும் இருந்திருப்பார். அந்த மாத்திரை தொடங்கிய நான்காம் நாளே மயக்கம்: எனக்கு இதில் பெரிய சந்தேகமில்லை. இதை அவருடைய மருத்துவக் குறிப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் கிளிமிபிரைடின் அளவையும் மருத்துவர் ஒருமுறை மறுபரிசீலனை செய்வது நல்லது.

'பஸ் செல் அதிகம் இருக்கிறதே' என்பார்கள். கிருமி குடியிருக்கும் இடத்தில் வெள்ளணுக்கள் வந்து நிற்கும். தொந்தரவு இல்லாதவரை அதுவும் மருந்துக்குக் காரணமாகாது. வாடையும் கலங்கலும் அப்படியே. கடலூர் வெயிலில், எழுந்து எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துவிடும் பாட்டிமார்களின் சிறுநீர் மஞ்சளாகவும் வாடையோடும்தான் இருக்கும். தண்ணீரைக் கூட்டிக் கொடுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அதற்குள்.

இன்னொரு பழக்கமும் பரவிவிட்டது. வயதானவர் திடீரென்று குழப்பமாகப் பேசினால், சோர்ந்து படுத்தால், உடனே சிறுநீரைச் சோதித்து, கிருமி கிடைத்ததும் 'இதுதான் காரணம்' என்று முடித்துவிடுவது. கிருமி நேற்றும் இருந்தது, போன மாதமும் இருந்தது. குழப்பம் வந்தால் முதலில் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். பிறகு மருத்துவர் சோடியம் அளவு, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று வரிசையாகத் தேடட்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்புக்கு மேலே விலாப்பக்க வலி, புதிதாகத் தொடங்கிய எரிச்சல், அடக்க முடியாத அவசரம், சிறுநீரில் ரத்தம், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று ஏதாவது இருந்தால் கதையே வேறு. அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ அருகில் உள்ள மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். அப்போது எடுக்கும் கல்ச்சருக்கு அர்த்தம் உண்டு, ஊசிக்கும் அர்த்தம் உண்டு.

மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: 'இவருக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. கல்ச்சர் நாங்களாகச் செய்துகொண்டது. ஊசி போடாமல் கவனித்துப் பார்க்கலாமா?' பெரும்பாலான மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள். தடித்த எழுத்தில் அச்சிட்ட ரிப்போர்ட்டைக் குடும்பமே நீட்டிக்கொண்டு நிற்கும்போது 'ஒன்றும் வேண்டாம்' என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தை நீங்களே நீக்கிவிடலாம்.

இனி மகளுக்கு வருவோம். கிருமி அதேதான், உடல் அதே உடல் இல்லை. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை அவற்றை அழுத்துகிறது, வலது பக்கத்தைக் கூடுதலாக. சிறுநீர் தேங்கித் தேங்கி இறங்குகிறது. பையில் சாதுவாக இருந்த கிருமி அந்தத் தேக்கத்தில் மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்துவிட வழி கிடைக்கிறது. அப்படிப் பிடிப்பது பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் மாதத்துக்கு மேல்தான். ஆள் நடுங்கும்படி குளிர் ஜுரம், வாந்தி, நிமிர முடியாத விலா வலி என்று வரும். மருத்துவமனையில் படுக்க வைத்து நரம்பு வழியே மருந்து ஏற்ற வேண்டும். சிலருக்கு ரத்தத்தில் தொற்று பரவும், சிலருக்குக் குறைமாதத்திலேயே வலி கண்டுவிடும்.

கர்ப்பிணிகளில் 100-க்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு இந்த அமைதியான கிருமி இருக்கிறது. சிகிச்சை இல்லாமல் விட்டால் அவர்களில் 20 முதல் 35 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் தொற்று வரும் என்று பழைய ஆய்வுகள் சொல்லின. மருந்து கொடுத்தபோது அது வெகுவாகக் குறைந்தது. 2015-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வில் இந்த அளவு மிகச் சிறியது: சிகிச்சை பெறாதவர்களில் 2.4 சதவீதம், கிருமியே இல்லாதவர்களில் 0.6 சதவீதம். அதைத் தொடர்ந்து இந்தச் சோதனைக்கு முன்பிருந்த மவுசு சற்றுக் குறைந்தது; அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2019-இல் கர்ப்பிணிகளுக்கான தன் பரிந்துரையை 'ஏ' தரத்திலிருந்து 'பி' தரத்துக்கு இறக்கியது. ஆனாலும் செய்யச் சொல்லித்தான் பரிந்துரைக்கிறது. அதே குழு, கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கு இந்தச் சோதனையே வேண்டாம் என்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல், கர்ப்பிணிக்குக் கிருமி இருந்தால் ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் என்று சொன்னது. நெதர்லாந்து ஆய்வில் இருந்தவர்கள் ஒற்றைக் கரு சுமந்த, சர்க்கரை நோய் முதலிய சிக்கல் இல்லாத பெண்கள். வெயிலில் வியர்த்து, கழிப்பறைக்கு அஞ்சி மணிக்கணக்கில் சிறுநீரை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த நான் தயாரில்லை.

சம்பந்தி அம்மாவின் கவலை நியாயமானதே. கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய ஆன்டிபயாட்டிக்குகள் இருக்கின்றன: உங்கள் மாமியார் சாப்பிட்ட ஆஃப்ளாக்சசின் வகை, டாக்சிசைக்ளின் வகை ஆகியவை. மாமியாருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நைட்ரோஃபுரான்டாயின் பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு வரும் மருந்து. சிறுநீரில் செறிந்து அங்கேயே வேலை செய்யும். 14-ஆவது வாரத்தில் தாராளமாகச் சாப்பிடலாம். பிரசவம் நெருங்கும் வாரங்களில்தான் இதைத் தவிர்ப்போம்; பிறக்கும் குழந்தையின் சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் அப்போது உண்டு. ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படியிருந்தால் செஃபாலெக்சின், ஒரே வேளை கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். குமட்டல் குறையும், மருந்தும் நன்றாகச் சேரும். சிறுநீர் பழுப்பு நிறமாகப் போனால் பதற வேண்டாம், மருந்தின் நிறம் அது. மருந்துக் கடைகளில் 'யூரின் இன்ஃபெக்ஷன்' என்றதும் எலுமிச்சைச் சுவையுள்ள சிட்ரேட் சிரப் ஒன்றைக் கூடவே எடுத்து வைப்பார்கள். நைட்ரோஃபுரான்டாயினோடு அது வேண்டாம். சிறுநீர் அமிலத்தன்மையோடு இருந்தால்தான் இந்த மாத்திரை நன்றாக வேலை செய்யும். சிரப் அந்த அமிலத்தை முறித்து மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் சில வகை ஆன்டாசிட்டும் இதை உடலில் சேரவிடாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்லித் தண்ணீர் குடிக்கட்டும், வெயிலுக்கு நல்லது, ஈ.கோலையை அது விரட்டாது. நெருஞ்சில் கஷாயம் கர்ப்ப காலத்தில் வேண்டாம்.

ஏழு நாள் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு கல்ச்சர் செய்து பார்ப்பது பல மகப்பேறு மருத்துவர்களின் வழக்கம். செய்துகொள்ளச் சொல்லுங்கள். இங்கே ஒரு தவறான நிம்மதி உலவுகிறது: 'ஒவ்வொரு மாதமும்தான் யூரின் பார்க்கிறார்களே' என்பார்கள். மாதாமாதம் பார்ப்பது ஆல்புமினும் சர்க்கரையும். கிருமி அதில் தெரியாது. நிறம் மாறும் பட்டையை முக்கிப் பார்க்கும் சோதனையும் கணிசமான பேரைத் தவறவிட்டுவிடும். முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போதோ, 12 முதல் 16 வாரத்துக்குள்ளோ ஒரு கல்ச்சர் செய்வதுதான் முறை. உங்கள் மகளின் மருத்துவர் அதைச் சரியான நேரத்தில் செய்திருக்கிறார்.

அடுத்த மாதிரியை ஒழுங்காகப் பிடிப்பது மகள் கையில் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாதிரிகளில் நான் சலித்துக்கொள்வது இந்த ஒன்றைப் பற்றித்தான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடலூரில் பழைய டானிக் பாட்டிலைக் கழுவிப் பிடித்து, வீட்டு வேலை முடித்து, பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து பதினோரு மணிக்குக் கொடுப்பார்கள். இதமான சூட்டில் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் திறன் கொண்டது. காலையில் சில நூறாக இருந்தது என் தட்டில் லட்சமாக வந்து நிற்கும். ஆய்வகத்தில் தரும் கிருமி நீக்கிய டப்பாவை மட்டும் பயன்படுத்த வேண்டும். மூடியின் உட்புறத்தை விரலால் தொடக் கூடாது. முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவிவிட்டு, ஒரு கையால் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் சிறுநீரைக் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. முடிந்தவரை ஆய்வகத்திலேயே பிடித்துக் கொடுப்பது மேல். ரிப்போர்ட்டில் 'பல கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன' என்றோ எபிதீலியல் செல்கள் (மேல்தோல் செல்கள்) நிறைய என்றோ இருந்தால் பிடித்ததில் கோளாறு. மறுபடி பிடித்துக் கொடுக்க வேண்டுமே தவிர மருந்து சாப்பிடக் கூடாது.

உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் இந்தச் சோதனை வேண்டாம். பேக்கேஜில் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். சிறுநீர்க் குழாய் வழியே கருவி செலுத்திப் புரோஸ்டேட்டைச் சுரண்டுவது, கல்லை உடைப்பது போன்ற அறுவை சிகிச்சைக்கு முன் மட்டும் அறிகுறி இல்லாவிட்டாலும் கல்ச்சர் பார்த்து மருந்து கொடுப்பார்கள். உள்ளே சதை கிழிந்து ரத்தம் கசியும் இடத்தில் கிருமி ரத்தத்துக்குள் போய்விடும் என்பதால் அந்த விதிவிலக்கு. கண்புரை, மூட்டு மாற்று அறுவைக்கெல்லாம் இது பொருந்தாது.

மகளைப் பற்றி இன்னும் ஒன்று. முதல் பிரசவம் என்பதால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துக் கடலூருக்கு அழைத்து வருவீர்கள். பிரசவம் பார்ப்பது வேறு மருத்துவராக இருக்கும். இப்போதைய கல்ச்சர் ரிப்போர்ட், சாப்பிட்ட மருந்தின் சீட்டு, அதற்குப் பின் செய்யும் கல்ச்சர் மூன்றும் அவளுடைய ஃபைலில் இருக்கட்டும். பின்னால் செய்யும் எந்தக் கல்ச்சரிலாவது 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பெயர் வந்தால், தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கிருமி இருந்தவர்களுக்கு, முன்பே மருந்து சாப்பிட்டிருந்தாலும், பிரசவ வலி தொடங்கியதும் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் லேபர் வார்டில் இருக்கும் மருத்துவருக்கு அதைத் தெரிவிக்க அந்த அட்டையை விட்டால் வேறு வழி இருக்காது.